பஸ் தூரத்துப் பொய்

அம்மா அமெரிக்காவுக்குப் போவது என்று முடிவானதும் எங்கள் வீட்டில் எல்லோரும் கவலைப்பட்டது அம்மாவை நினைத்துத்தான். தொண்ணூறுகளின் நடுவில் அது. தங்கைக்கு அங்கே தலைப்பிரசவம். அவளுக்கு மாமியார் கிடையாது, அதனால் அம்மா போயே ஆகவேண்டும். கோயமுத்தூர் டவுனுக்கு வருவதென்றாலே தலைசுற்றலுக்கு மாத்திரை போட்டுக்கொள்கிறவள் அம்மா. சக்கரை உண்டு, பிரஷர் உண்டு, முழங்கால் வலி உண்டு. அப்பாவுக்கு ஒன்றும் கிடையாது. தொண்டாமுத்தூருக்கு மேற்கே மலையடிவாரத் தோட்டத்தில் தென்னைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டும் மாடுகளைப் பார்த்துக்கொண்டும் திடமாக இருந்த மனிதர். அவரையும் கூட வரச்சொல்லி மாப்பிள்ளை எவ்வளவோ கேட்டார். யானை இறங்குகிற பருவத்தில் தோட்டத்தைப் போட்டுவிட்டு வருவதாவது என்று அப்பா சிரித்தே மறுத்துவிட்டார்.

மாப்பிள்ளை என்றால் தங்கையின் கணவர். எங்கள் பக்கத்துக் குடும்பம்தான், ஆனால் அவருடைய அப்பா ரயில்வேயில் இருந்ததால் வடக்கே பல ஊர்களில் வளர்ந்தவர். தமிழ் நன்றாகப் பேசுவார். எங்கள் ஊர் மழுப்பல்தான் அவருக்குப் பிடிபடாது. சொன்னதைச் சொன்னபடி எடுத்துக்கொள்வார். அது நல்ல குணம் என்றே நாங்கள் பெருமையாகப் பேசிக்கொண்டிருந்தோம். அவர் ஒன்றை மட்டும் போனில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இன்சூரன்ஸ் எடுக்காமல் அத்தையை விமானம் ஏற்றாதீர்கள், இங்கே சும்மா ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்தாலே தோட்டத்தில் பாதியை விற்கவேண்டி வரும் என்று.

அப்பாவுக்குத் தெரிந்த ஏஜென்ட் ஒருவர் இருந்தார். கோயமுத்தூரில் தலைமுறை தலைமுறையாகக் கொப்பரை வியாபாரம் செய்த முஸ்லிம் குடும்பம். இவர் மட்டும் வியாபாரத்தை விட்டு இன்சூரன்ஸுக்குப் போய்விட்டார். அப்பா அவரை பாய் என்றுதான் கூப்பிடுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துத் தோட்டத்துக்கே வந்தார். நானும் என்னைக் கட்டிக்கொடுத்த பீளமேட்டிலிருந்து போயிருந்தேன். பக்கத்துத் தோட்டத்திலிருந்து பெரியப்பாவும் வந்து உட்கார்ந்தார்.

பெரியப்பாவைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். அப்பாவின் ஒரே அண்ணன். இரண்டு பேருக்கும் முகம் ஒரே அச்சு. அதே ஏறுநெற்றி, அதே மூக்கு, தாடையில் அதே குழி. பால் சொசைட்டிக்குப் புதிதாக யார் வேலைக்கு வந்தாலும் கொஞ்ச நாளைக்கு இவரை அவர் என்றும் அவரை இவர் என்றும் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். குணத்தில்தான் வித்தியாசம். அப்பா கேலிக்காரர், பெரியப்பா எதற்கும் நிதானம் பார்த்துப் பேசுகிறவர். எங்கள் உறவில் எங்கே சாவு விழுந்தாலும் வெளியூருக்குச் சேதி சொல்ல அவரைத்தான் அனுப்புவார்கள்.

அதில் அவருக்கு ஒரு முறை இருந்தது. எடுத்த எடுப்பில் போய்ச்சேர்ந்துவிட்டார் என்று சொல்லமாட்டார். சத்தியமங்கலத்தில் கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு அப்பா செத்துப்போனால், பெரியப்பா பஸ் ஏறிப் போவார். தண்ணீர் வாங்கிக் குடிப்பார். 'அப்பாவுக்குக் கொஞ்சம் முடியலை அம்மணி, பாத்துட்டு வந்தரலாம்' என்பார். அவளைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் பக்கத்திலேயே உட்கார்ந்து வருவார். பாதி வழியில் 'சீரியஸ்தான்' என்பார். ஊர் நெருங்க நெருங்க அந்தப் பெண்ணுக்கே தெரிந்துவிடும். இறங்குகிற இடத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற ஆட்கள் அவளைப் பார்த்து எழுந்து நிற்பார்கள். அவ்வளவுதான், யாரும் எதுவும் சொல்லவேண்டாம். அது இரக்கத்தில் பிறந்த பழக்கம்தான், அதை நான் மறுக்கவில்லை. சேதி கேட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர்களைப் பார்த்துப் பழகிய ஊர் கண்டுபிடித்துக்கொண்ட வழி.

பாய் அன்றைக்கு பாலிசியை வரி வரியாக விளக்கினார். அங்கே போய்ப் புதிதாகக் காய்ச்சலோ விபத்தோ வந்தால் கம்பெனி பார்த்துக்கொள்ளும். இங்கிருந்து கொண்டுபோகிற சக்கரைக்கும் பிரஷருக்கும் முழங்காலுக்கும் பார்த்துக்கொள்ளாது. பல் திடீரென்று வலித்தால் உண்டு, பல் கட்டிக்கொள்வதற்கு இல்லை. பெட்டி தொலைந்தால் உண்டு, பெட்டிக்குள் நகை வைத்துத் தொலைத்தால் இல்லை. அம்மா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். அப்பாவுக்கு விளையாட்டாக இருந்தது.

'ஏனுங்க பாய், என்ற ஊட்டுக்காரிகிட்ட இருக்கறது பூராவும் பழைய சீக்குத்தானுங்க. புதுசா ஒண்ணு புடிச்சாத்தான் கம்பெனி காசு குடுக்குமுங்களா?' என்று கேட்டார். பாயும் சிரித்தார்.

பிறகு பாய் குரலைத் தணித்துக்கொண்டு, அங்கே உயிருக்கே ஏதாவது ஆகிவிட்டால் உடம்பை ஊருக்குக் கொண்டுவந்து சேர்க்கிற செலவும் இதில் அடக்கம் என்றார். அம்மா அதற்குக் கலங்கவில்லை. அது நல்லதுதான், யாருமில்லாத ஊரில் கிடக்கவேண்டாம் பாருங்கள் என்றாள். பாய் பக்கத்தைத் திருப்பினார். 'அதே மாதிரி அம்மா அங்க இருக்கறப்போ, இங்க ஊட்டுல யாருக்காச்சும்...' என்று ஆரம்பித்தார்.

பெரியப்பா கையைத் தூக்கினார். 'போதுமுங்க பாய். நல்ல காரியத்துக்குக் கெளம்பறப்ப இந்தப் பேச்சு எதுக்குங்க? காப்பி ஆறுது, குடிங்க.'

பாய் அந்த நிமிடமே நிறுத்திக்கொண்டார். அவரும் எங்கள் ஊர்க்காரர்தானே, பெரியவர் ஒருவர் வேண்டாம் என்றபின் வாயைத் திறப்பாரா? மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார். அடுத்த பக்கம் பாஸ்போர்ட் தொலைந்தால் என்ன செய்வது என்பது. அதை எல்லோரும் கவனமாகக் கேட்டோம்.

அம்மா போனாள். முருங்கைக்கீரைப் பொடி, கருப்பட்டி, பச்சை உடம்புக்காரிக்கு வேண்டிய மருந்துச் சாமான், எல்லாம் கட்டிக்கொண்டு போனாள். தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்தது. மாப்பிள்ளை போன் செய்து சொன்னார். எங்கள் தோட்டத்து வீட்டுக்கு அப்போது போன் வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. வெளிநாட்டிலிருந்து கூப்பிட்டால் மணி அடிக்கும், நாம் அங்கே கூப்பிட வசதி கிடையாது. அதற்கு டவுனுக்குள் வந்து ஐ.எஸ்.டி. பூத்தில் நிற்கவேண்டும். அப்பா அந்தப் போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு காத்திருப்பார் என்று பெரியப்பா கேலி செய்வார். அம்மாவிடம் பேசும்போது மட்டும் ரொம்பச் சத்தமாகப் பேசுவார் அப்பா, அவ்வளவு தூரத்துக்குக் கேட்கவேண்டுமே என்று.

குழந்தை பிறந்த கொஞ்ச நாளில் ஒரு காலையில் எங்கள் பக்கத்து வீட்டுப் போனுக்கு எனக்கு அழைப்பு வந்தது. பெரியப்பாதான்.

'அப்பாவுக்குக் கொஞ்சம் முடியலை அம்மணி. உன்ற ஊட்டுக்காரரும் நீயும் வந்துட்டுப் போங்க' என்றார்.

எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. அந்தக் குரலை எத்தனை வீடுகளில் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள். ஆனாலும் பஸ்ஸில் வரும்போது, இல்லை, நிஜமாகவே கொஞ்சம் முடியவில்லையாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டுதான் வந்தேன். பேரூர் தாண்டியது. தொண்டாமுத்தூர் வந்தது. எங்கள் ஸ்டாப்பில் இறங்கினேன். டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள்.

பால் கறந்துவிட்டு வந்து நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவே இல்லையாம். கார் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஹாலில் பெஞ்சின் மேல் படுக்க வைத்திருந்தார்கள். சுற்றிலும் ஐஸ் கட்டிகளை அடுக்கி உமி கொட்டியிருந்தது. தண்ணீர் சொட்டிச் சொட்டி வாசற்படி வரைக்கும் வந்திருந்தது. நோய் நொடி இல்லாதவர், நாங்கள் யாரும் ஒரு நிமிடம்கூட பயப்படாதவர்.

அம்மா வந்து முகம் பார்க்கவேண்டும். அங்கே கூடியிருந்த எல்லோருக்கும் அது ஒன்றுதான் பேச்சு. அவள் வரும்வரை எடுக்கக்கூடாது, எத்தனை வண்டி ஐஸ் வேண்டுமானாலும் கொண்டுவரலாம் என்று பெரியப்பாவே சொல்லிவிட்டார். முப்பது வருஷத்துக்கு மேல் சேர்ந்து வாழ்ந்தவர்கள். தோட்டத்தை விட்டு ஒரு நாள்கூட அப்பா வெளியே தங்கினதில்லை, அவள் அமெரிக்கா போகும்வரை வேறு சமையல் சாப்பிட்டதில்லை. கடைசியாக அவர் முகத்தைப் பார்க்க அவளுக்கு இருக்கிற உரிமை வேறு யாருக்கு இருக்கிறது?

சாயங்காலம் பெரியப்பா பூத்துக்குக் கிளம்பினார். நான் பின்னாலேயே போய், உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுங்கள் என்றேன். அவர் நின்று என்னைப் பார்த்தார். கண் சிவந்து வீங்கியிருந்தது. அவருக்குத் தம்பி போயிருக்கிறான்.

'பச்சை ஒடம்புக்காரி இருக்கற ஊடு கண்ணு. எடுத்த எடுப்புல சொன்னா அவளுக்குப் பால் வத்திப்போயிரும். உங்கம்மா பிளேன்ல தனியா வரோணும், மனசுல இத வெச்சுட்டு எப்படி வருவா? சீரியஸ்னு சொன்னாப் போதும். வந்துருவா' என்றார்.

எனக்குக் கோபம் சட்டென்று வரும், அது ஊரறிந்தது. ஆனால் அன்று அவரிடம் கத்த மனம் வரவில்லை. சீரியஸ் என்றால் என்ன என்று எங்கள் உறவில் யாருக்குத்தான் தெரியாது? அம்மாவுக்குத் தெரியும். தங்கைக்கும் தெரியும்.

போனை எடுத்தது மாப்பிள்ளை.

மாமனாருக்கு நெஞ்சுவலி, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது, சீரியஸ்தான், அத்தையை உடனே அனுப்புங்கள் என்று பெரியப்பா சொல்லியிருக்கிறார். அந்த மனிதரும் அதை அப்படியே அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அம்மா அழுதிருக்கிறாள். பிறகு, டாக்டர் என்ன சொன்னார், எந்த ஆஸ்பத்திரி, ஆபரேஷன் உண்டா என்றெல்லாம் கேட்டிருக்கிறாள். மாப்பிள்ளைக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான், ஆஸ்பத்திரியில் இருக்கிறார். இருக்கிறார் என்ற சொல்லை அம்மா பிடித்துக்கொண்டாள். பக்கத்தில் உட்கார்ந்து வர அங்கே பெரியப்பா இல்லை. எழுந்து நிற்கிற ஆட்கள் இல்லை. எங்கள் ஊர்ப் பொய் பஸ் தூரத்துக்காகச் செய்தது, கடல் தாண்டிப் போனபோது அது உண்மையாகவே ஆகிவிட்டது.

மறுநாள் காலையில் போன் மணி அடித்தது. அமெரிக்காவிலிருந்துதான் என்று எல்லோருக்கும் தெரிந்தது. ஹால் நிறையப் பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். போன் இருந்ததும் அதே ஹாலில்தான், அப்பா தலைமாட்டுக்குப் பக்கத்து ஜன்னல்மேடையில். பெரியப்பா ரிசீவரை எடுக்கும் முன் கையைத் தூக்கி எல்லோரையும் பார்த்தார். பாயை நிறுத்திய அதே கை. அழுகை அப்படியே நின்றது. முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு அத்தனை பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள். ஐஸ் தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

மாப்பிள்ளை பேசினார். அந்தக் காலத்துப் போன், எதிர்ப்பக்கத்துக் குரல் வெளியேயும் கேட்கும். தயங்கித் தயங்கித்தான் கேட்டார். 'பெரிய மாமா, ஒரு காரணத்துக்காகக் கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. மாமா இருக்காருங்களா?'

பெரியப்பா அப்பாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். 'இருக்காருங்க மாப்பிள்ளை. இருக்காரு' என்றார்.

அடுத்து அம்மா வாங்கிக்கொண்டாள். அவள் பெரியப்பாவிடம் நேருக்கு நேர் நின்று பேசியதே கிடையாது, அவ்வளவு மரியாதை. அன்றைக்குப் பேசினாள். 'கஞ்சியாச்சும் குடிச்சாருங்களா?' என்று கேட்டாள்.

'குடிச்சாரு அம்மணி' என்றார் பெரியப்பா. 'நீ பொறப்பட்டு வா. வெசனப்படாத வா.'

நான் எழுந்து ரிசீவரைப் பிடுங்கப் போனேன். அதற்குள் அவர் வைத்துவிட்டார். வைத்தவர் அப்படியே சுவரோரம் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பெண்கள் மறுபடி அழ ஆரம்பித்தார்கள்.

அம்மா கிளம்பவில்லை. கிளம்புகிறாள் என்று நாங்கள் காத்திருந்தோம். சாயங்காலம் வரை எந்த விமானம், எப்போது என்று எந்தத் தகவலும் இல்லை. நான் யாரிடமும் கேட்கவில்லை, என் வீட்டுக்காரரை இழுத்துக்கொண்டு டவுன் பூத்துக்குப் போனேன். பெரியவர் பேச்சை மீறுகிறாய் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். மீறுகிறேன், பேசாமல் வாருங்கள் என்றேன். அமெரிக்காவில் அப்போது விடுமுறை நாளின் காலைநேரம். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. திரும்பத் திரும்பப் போட்டேன். பூத்துக்காரர் கடை சாத்தும்வரை போட்டேன். யாரும் எடுக்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில், இனிமேல் உடம்பு தாங்காது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். அப்பாவை எடுத்துவிட்டார்கள். அம்மா செய்யவேண்டியதை எல்லாம் அவளில்லாமலே ஒப்பேற்றினார்கள். தூக்கும்போது பெரியப்பா வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார், கடைசி நிமிடத்தில் கார் வந்து நிற்கும் என்று நினைத்தாரோ என்னவோ.

எல்லாம் முடிந்து ஹாலைக் கழுவிவிட்ட பிறகு மணி அடித்தது. பெரியப்பா எழுந்து போய் எடுத்தார். காதில் வைத்துக் கேட்டார். பிறகு ரிசீவரை என்னிடம் நீட்டி, 'நீயே சொல்லிப்போடு அம்மணி' என்றார். வாழ்நாளெல்லாம் பிறர் வீட்டுச் சாவைக் கொண்டுபோய்ச் சேர்த்தவருக்குத் தன் தம்பி சாவைச் சொல்ல வாய் வரவில்லை.

நான் சொன்னேன். மாப்பிள்ளை உடைந்த குரலில், 'அக்கா, நான் கேட்டேனே. இருக்காரான்னு கேட்டேனே' என்றார்.

அவர் ஏன் கேட்டார் என்பது அப்போதுதான் தெரிந்தது. முதல் நாளே இன்சூரன்ஸ்காரர்களைக் கூப்பிட்டிருக்கிறார். அம்மாவின் டிக்கெட் தேதி மாற்றமுடியாத டிக்கெட், அவசரத்துக்குப் புது டிக்கெட் வாங்க அப்போது அவர் கையில் வசதியில்லை. இன்சூரன்ஸ்காரர்கள் கேட்டது ஒரே ஒரு கேள்வி, உங்கள் மாமனார் நோயாக இருக்கிறாரா, இறந்துவிட்டாரா? பயணம் போனவரின் கணவன் ஊரில் இறந்துவிட்டால் அன்றைக்கே விமானத்தில் இடம் போட்டு அனுப்புவோம், நோயாகக் கிடந்தால் அதற்கு இந்த பாலிசியில் இடமில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். அதை வைத்துத்தான் மறுநாள் கேட்டார். ஆனால் மாமனார் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது, செத்துவிட்டாரென்றால் டிக்கெட் ஓசி, அதனால் சொல்லுங்கள் என்று எப்படிக் கேட்பது? நாக்கு வரவில்லை அவருக்கு. ஒரு காரணத்துக்காக என்று மட்டும் சொன்னார். எங்களோடு சேர்ந்து அந்த ஒரு இடத்தில் அவரும் மழுப்பப் பழகிவிட்டார்.

அப்பா கஞ்சி குடித்தார் என்று கேட்டதும் அம்மாவும் தேறியிருக்கிறாள். குழந்தை பிறந்து இன்னும் தங்கை எழுந்து நடமாடவில்லை. அவர் தேறிவருகிறார், இந்தப் பச்சை உடம்புக்காரியை விட்டுவிட்டு நான் ஓடினால் அவரே திட்டுவார், இன்னும் ஒன்றிரண்டு நாள் பார்க்கலாம் என்று அவள்தான் சொன்னாளாம். நான் பூத்தில் நின்று மணியடித்த நேரத்தில் வீட்டில் யாரும் இல்லை. எங்கோ தொலைவில் ஒரு ஊரில் கோயில் இருக்கிறதென்று கைக்குழந்தையையும் தூக்கிக்கொண்டு காரில் போயிருந்தார்கள், அப்பா பிழைக்கவேண்டும் என்று அர்ச்சனை செய்ய.

இறந்துவிட்டார் என்று சொன்னதும் இன்சூரன்ஸ் சொன்ன சொல் தவறவில்லை. கேள்வி கேட்காமல் அடுத்த விமானத்தில் அம்மாவை ஏற்றிவிட்டார்கள். ஏறி வந்து என்ன பயன்? கோயமுத்தூரில் வந்து இறங்கியபோது அவள் அழவில்லை. கார் எங்கள் ஸ்டாப்பைத் தாண்டும்போது பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். அம்மா அவர்களைப் பார்க்கவே இல்லை.

பாய் துக்கம் விசாரிக்க வந்தார். போகும்போது வாசலில் என்னிடம், 'அன்னைக்கு நான் சொல்ல வந்தது அதைத்தானுங்க. சொல்லி முடிச்சிருக்கோணும்' என்றார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை என்று சொன்னேன். உண்மையிலேயே இல்லை. அந்த ஹாலில் அன்று நாங்கள் இத்தனை பேர் இருந்தோம். போகிறவளுக்கு அங்கே சாவு வந்தால் என்ன என்பதைப் பல்வலி மாதிரி கேட்டுக்கொண்டோம். வீட்டிலிருக்கிறவருக்குச் சாவு வரும் என்கிற பேச்சு மட்டும் காதில் விழக்கூடாது.

அப்பாவின் அஸ்தியில் கொஞ்சத்தை அம்மாவுக்காக எடுத்து வைத்திருந்தார்கள். கொடுமுடிக்குப் போய்க் காவேரியில் கரைத்தோம். பெரியப்பாவும் வந்திருந்தார். படித்துறையில் ஈரத்துணியோடு உட்கார்ந்திருந்த அம்மா, தலையை நிமிர்த்தாமல் அவரைக் கேட்டாள். 'அன்னைக்கு நீங்க போன்ல பேசறப்ப அவரு எங்கீங்க இருந்தாரு?'

பெரியப்பா ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான்தான் சொன்னேன், ஹாலில், அந்த போனுக்குப் பக்கத்தில் என்று.

அம்மா தன் கையையே பார்த்தாள். 'அப்ப நான் யாருக்கும்மா அர்ச்சனை பண்ணுனேன்?' என்றாள்.

அதன்பிறகு அம்மா அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பெரியப்பாவை ஒரு சொல் குறை சொன்னதில்லை. தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு அங்கேயே இருந்தாள். பெரியப்பா முன்போலவே காலையில் வந்து வாசலில் நின்று ஏதாவது வேண்டுமா என்று கேட்டுவிட்டுப் போவார். அவர் வந்தால் அம்மா தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விடுவாள். மரியாதைக்காக என்று எல்லோரும் நினைத்தார்கள். நான் கோபம் என்று நினைத்தேன். அதிலும் எனக்குத் திருப்தியாகத்தான் இருந்தது, அவள் காட்டாத கோபத்தை நான் இரண்டு பங்காகக் காட்டிக்கொண்டிருந்தேன். அவர் வீட்டு விசேஷம் எதற்கும் போகவில்லை.

சேதி சொல்ல யாராவது கூப்பிட்டால் பெரியப்பா அதன்பின் போகவில்லை. உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லிவிடுவார். அது நிஜமாகவும் ஆனது. தொண்ணூறுகள் முடிகிற காலத்தில் படுத்த படுக்கையானார், அதிக நாள் கிடக்கவில்லை. ஒரு நாள் காலையில் போய்ச்சேர்ந்தார். அவருடைய ஒரே மகன் மஸ்கட்டில் வேலையில் இருந்தான். அதற்குள் அவர்கள் வீட்டுப் போனில் வெளிநாடு பேசும் வசதி வந்திருந்தது. ஆட்கள் கூடிவிட்டார்கள். யார் பேசுவது, என்ன சொல்வது என்று ஆளுக்கொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் ஒருவர் நம்பரைப் போட்டுவிட்டு, சீரியஸ் என்று மட்டும் சொல்கிறேன் என்றார். நான் வாயைத் திறக்கப் போனேன்.

அம்மா எனக்கு முன்னால் போய்விட்டாள். விதவையாகி வந்தபின் ஆண்கள் நிற்கிற இடத்துக்கே போகாதவள், கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அந்த ஆளின் கையிலிருந்து ரிசீவரை வாங்கினாள்.

'கண்ணு, சித்தி பேசறேன். உங்கப்பா போயிட்டாரு. காத்தால போயிட்டாரு, உசுரு இல்லை. நான் பாத்துட்டுத்தான் சொல்றேன். ஐஸ் வெச்சிருக்குது. நீ வந்து முகம் பாத்தப்பறம்தான் எடுப்போம். பொறப்பட்டு வா' என்றாள்.

எதிர்ப்பக்கம் அவன் அலறுவது எங்களுக்குக் கேட்டது. அம்மா ரிசீவரை வைக்கவில்லை. அவன் அழுது முடிகிறவரை காதில் வைத்துக்கொண்டு நின்றாள். இப்படியா சொல்வது என்று யாரோ முணுமுணுத்தார்கள். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மறுநாள் மத்தியானம் அவன் வந்துவிட்டான். ஓடிவந்து அப்பன் முகத்தைக் கையால் பிடித்துக்கொண்டு அழுதான். நன்றாகப் பார்த்துக்கொள் கண்ணு, அவசரமில்லை என்று அம்மா அவன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். அழுது ஓய்ந்து அவனை அழைத்துப்போனார்கள். நேரமாகிவிட்டது, தூக்கலாம் என்று ஆண்கள் வந்து நின்றார்கள்.

அம்மா தலைமாட்டிலிருந்து நகரவில்லை. உயிரோடிருந்தவரை அவள் நிமிர்ந்து பார்த்தேயிராத அந்த முகத்தை இப்போது குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அதே ஏறுநெற்றியை, அதே மூக்கை, தாடையில் அதே குழியை. பிறகு முந்தானையால் அந்த நெற்றியில் இருந்த ஐஸ் ஈரத்தைத் துடைத்தாள். நகருங்க அம்மணி என்றார்கள் பின்னாலிருந்து.

'இருங்க. இன்னும் பாத்து முடியலை' என்றாள் அம்மா.